திண்டுக்கல் முதல் குன்னூர் வரை: ஒரு மீட்டர் போர்டின் பின்னால்

திண்டுக்கல்லிலிருந்து கோவைக்குக் காரில் போகப் பல வழிகள் உண்டு. தாராபுரம், பல்லடம் வழியைச் சிலர் சொல்வார்கள். எனக்குப் பழனி வழிதான் பிடிக்கும். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டை ஏற்றிய லாரிகளைத் தாண்டிவிட்டால் இடப்பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வரும். பழனியில் மலைக்கோயில் தூரத்திலேயே கண்ணில் படும். மடத்துக்குளம் தாண்டி உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழலும். பொள்ளாச்சி நெருங்க நெருங்கத் தென்னந்தோப்புகள் அடர்ந்துகொண்டே போகும்.

தமிழ்நாட்டின் மோட்டார் வரலாற்றில் இந்தச் சாலைக்குத் தனி இடம் இருக்கிறது. 1920ல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனம் அந்த ஒரு வண்டியிலிருந்து வளர்ந்தது. வண்டியை ஓட்டத் தெரிந்தவனுக்கு அதைப் பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும் என்ற பழக்கம் கொங்கு நாட்டில் இன்றும் இருக்கிறது. நான் இந்த முறை கோவைக்குப் போனதே அந்தப் பழக்கத்தை நம்பித்தான்.

என் கார் முப்பது வயதை நெருங்கும் பெட்ரோல் செடான். மாமனார் வாங்கியது. எஞ்சின் இன்னும் சீராக ஓடுகிறது, பாடியில் துரு இல்லை. பிரச்சினை டேஷ்போர்டில். சில மாதங்களாகவே டெம்பரேச்சர் முள் நினைத்தபோது ஏறி நினைத்தபோது இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் முதலில் தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார்கள். அடுத்து சென்சாரை மாற்றினார்கள். முள் அடங்கவில்லை. அடுத்தது ரேடியேட்டர், அதற்கும் சரியாகவில்லை என்றால் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் மீட்டர் போர்டைப் பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

துணைக்கு என் மனைவியின் தம்பி வந்தான். உடுமலையைத் தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. ஹெட்லைட்டைப் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து கிளம்பிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. காரை ஓரங்கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தபோது அவன்தான் கவனித்தான்.

"மாமா, பெட்ரோல் முள்ளும் ஏறுது பாருங்க. ஓட ஓடப் பெட்ரோல் எப்படிக் கூடும்?"

அதுதான் சரியான கேள்வி. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தோம். ஆவி இல்லை. கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கு இடையில் இருந்தது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை. தண்ணீர் உண்மையிலேயே அவ்வளவு சூடாகியிருந்தால் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியிருக்க வேண்டும். ஃபேன் சுவிட்ச் வேறு ஒயரில் தனியாக இயங்குவது. ஃபேன் சுவிட்சே கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் அங்கேயே கொஞ்ச நேரம் காத்திருந்தோம். எஞ்சின் ஐட்லிங்கில் மெதுவாகச் சூடேறியது. ஃபேன் தானாக ஓடி, சற்று நேரத்தில் தானாக நின்றது. எஞ்சின் சரியாக இருந்தது. பிறகு ஹெட்லைட்டை அணைத்தேன். இரண்டு முட்களும் சேர்ந்தே இறங்கின. போட்டேன், சேர்ந்தே ஏறின.

இங்கே வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. மூடியைத் தளர்த்திய கணமே அது கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். முள் எதைக் காட்டினாலும், எஞ்சின் ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு கடந்து, உக்கடம் வழியாக நகருக்குள் நுழைந்து இரவு தங்கினோம். காலையில் காந்திபுரத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்த மீட்டர் பழுதுபார்க்கும் கடையைத் தேடிப் போனோம். பெரிய பெயர்ப்பலகை இல்லை. உள்ளே ஒரு நீண்ட மேசை. அதன் மேல் லாரி மீட்டர், வேன் மீட்டர், பைக் மீட்டர் எல்லாம் கண்ணாடி கழற்றிய நிலையில் வரிசையாகக் கிடந்தன. அறுபது வயது மதிக்கத்தக்க அண்ணன் ஒருவர் லென்ஸ் விளக்கின் கீழே குனிந்திருந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்:

"ஏனுங்க, ரெண்டு முள்ளும் சேந்து ஏறுதுங்களா, ஒண்ணு மட்டுமா?"

"சேர்ந்துதாங்கண்ணா."

"அப்ப எஞ்சின விடுங்க. சென்சாரையும் விடுங்க. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறதப் பாக்கோணும்."

எங்கள் ஊரில் மாதக்கணக்கில் நடந்த தேடலை அவர் அந்த ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்ரோல் டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது அதோடு இணைந்த மின்தடை மாறுகிறது. எஞ்சினில் செருகியிருக்கும் டெம்பரேச்சர் சென்சாரில் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இந்த இரண்டு தடைகளின் வழியாக எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைத்தான் முட்கள் காட்டுகின்றன. ஆனால் கார் பேட்டரியின் அழுத்தம் ஒரே நிலையில் நிற்பதில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போது 12 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும், ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். அதை அப்படியே மீட்டருக்குக் கொடுத்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பெட்ரோல் கூடியதாகக் காட்டும். அதனால் இடையில் ஒரு ரெகுலேட்டர் வைத்து, நிலையான ஓர் அழுத்தத்தை இரண்டு மீட்டருக்கும் பொதுவாகக் கொடுப்பார்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் இது 10 வோல்ட். அங்கே ரெகுலேட்டர் என்பது இரட்டை உலோகத் தகடு ஒன்று சூடாகி விலகி, ஆறி ஒட்டி, சராசரியாக 10 வோல்ட் தரும் சின்னப் பெட்டி. பின்னால் வந்த கார்களில் அந்த வேலையை மூன்று கால் உள்ள ஒரு ஐ.சி. செய்கிறது, அது மீட்டர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

ஆகவே ஒரு முள் மட்டும் தவறினால் அதன் சென்சாரையோ ஒயரையோ அந்த மீட்டரையோ சந்தேகப்பட வேண்டும். இரண்டும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் தவறினால் குற்றம் பொதுவான இடத்தில் இருக்கிறது: ரெகுலேட்டர், அல்லது அதன் எர்த். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கண்ணும் நிதானமும் போதும்.

மீட்டர் போர்டைக் காரிலிருந்து கழற்றுவதற்கு முன் அண்ணன் ஓடோமீட்டரில் இருந்த கிலோமீட்டரை ஒரு சீட்டில் எழுதி என் கையெழுத்தை வாங்கினார். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். பிறகு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் படம் வரைந்து அதிலேயே குத்தி வைத்தார். ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்து, பின்னால் கையை விட்டு கனெக்டர்களின் கொக்கியை அழுத்தி இழுத்தார். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முப்பது வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சட்டென்று முறிந்துவிடும் என்றார்.

மேசையில் போர்டுக்கு மின்சாரம் கொடுத்தார். சென்சார்களுக்குப் பதிலாக இரண்டு ரெசிஸ்டர்களை மாட்டினார். முட்கள் எழுந்து நின்றன. பிறகு, ஹெட்லைட்டோடு சேர்ந்து எரியும் டேஷ்போர்டு பல்புகளுக்கும் மின்சாரம் கொடுத்தார். இரண்டு முட்களும் ஏறின. உடுமலைச் சாலையில் பார்த்தது அப்படியே மேசை மேல் நடந்தது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் ஒயரிலும் மறுமுனையைப் போர்டின் எர்த் டிராக்கிலும் வைத்தார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய இடம். வோல்ட் பூஜ்யம் காட்ட வேண்டும். பல்பு அணைந்திருந்தபோது ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. பல்பு எரிந்ததும் ஒன்றரை வோல்ட்டை நெருங்கியது. லென்ஸை நகர்த்தி என்னைப் பார்க்கச் சொன்னார். கனெக்டரின் எர்த் பின்னைச் சுற்றி ஈயத்தில் முடியளவு மெல்லிய கறுப்பு வளையம். நேராகப் பார்த்தால் தெரியவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்ததும் அந்தப் பின் ஈயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரு மரக்குச்சியால் அதை லேசாகத் தள்ளினார். முட்கள் ஆடின.

"டிரை சால்டருங்க. வெயில்ல விரியும், ராத்திரி சுருங்கும், ரோட்ல குலுங்கும். இத்தன வருஷம் தாங்கினதே பெருசு."

பல்புகளின் மின்சாரமும் ரெகுலேட்டரின் எர்த்தும் அந்த ஒரே பின் வழியாகத்தான் வெளியே போகின்றன. பின் சரியாக ஒட்டாததால் அங்கே தடை உண்டாகிவிட்டது. பல்பு எரியும்போது ஓர் ஆம்பியர் அளவு மின்சாரம் அந்தத் தடையைக் கடக்கிறது. போர்டின் எர்த் ஒன்றரை வோல்ட் மேலே தூக்கப்படுகிறது. ரெகுலேட்டர் தன் எர்த்தைப் பார்த்துத்தான் அளந்து கொடுக்கிறது. எர்த் மேலே போனால் அது கொடுக்கும் அழுத்தமும் அதே அளவு மேலே போகும். சென்சாரின் எர்த் எஞ்சினில் இருப்பதால் அது மாறவில்லை. ஆகவே இரண்டு மீட்டருக்கும் கூடுதல் மின்சாரம், இரண்டு முட்களும் மேலே. ஒரு பின்னைச் சுற்றிய விரிசலுக்காக எஞ்சின் ஹெட்டைக் கழற்ற இருந்தோம்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டரைக் காட்டினார். அதன் அடியில் பழுப்புக் கறை. சால்டரிங் அயனை அதன் காலில் வைத்ததும் கருவாட்டு வாடை கிளம்பியது. உள்ளிருக்கும் திரவம் கசிந்திருக்கிறது என்பதற்கு அந்த வாடையே அடையாளம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஆயுள் வரம்பு உண்டு. சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறைக் கணக்கு. நம் ஊர் வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் கதி என்ன என்று இதிலிருந்தே புரியும். 1980களின் பின்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் தயாரான பல ஜப்பானிய மின்னணுக் கருவிகளில் இந்தக் கசிவு பரவலாக உண்டு. அந்தத் திரவம் தாமிர டிராக்கையே அரித்துவிடும். லெக்சஸ் எல்.எஸ்.400 போன்ற உயர்ரகக் கார்களின் மீட்டர் போர்டுகள்கூட இதிலிருந்து தப்பவில்லை. மாற்றுக் கெப்பாசிட்டர் அவர் கையில் இல்லை. மதியம் வாங்கி வைப்பதாகச் சொன்னதால் எங்களுக்கு நேரம் கிடைத்தது.

அவினாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனோம். பழைய கார்களை எல்லோரும் முன்னால் நின்று முகப்பைப் பார்ப்பார்கள். நான் அன்று ஜன்னல் வழியாக எட்டி டேஷ்போர்டுகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஓட்டுநருக்கு வண்டி என்ன சொல்கிறது என்பதன் வரலாறு அங்கே இருக்கிறது. ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. சீட்டைத் தூக்கி டேங்குக்குள் குச்சி விட்டுத்தான் பார்ப்பார்கள். தண்ணீரின் சூட்டைக் காட்ட, 1912ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் வந்தது. ரேடியேட்டர் மூடி மேலேயே நிற்கும் ஒரு தெர்மாமீட்டர் அது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். பிறகு மெல்லிய குழாய் வழியாக ஆவியின் அழுத்தத்தை டேஷ்போர்டு வரை கொண்டுவந்தார்கள். அதற்குப் பின் மின்சாரம், இரட்டை உலோகத் தகடு, அதன் பின் காந்தச் சுருள், கடைசியில் ஸ்டெப்பர் மோட்டார்.

இந்தக் கடைசி வகையைப் பற்றிக் காலையில் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. இப்போதைய கார்களிலும் லாரிகளிலும் முள்ளுக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சின்ன ஸ்டெப்பர் மோட்டார் இருக்கிறது. கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு அது படிப்படியாக முள்ளைத் திருப்பும். உலகமெங்கும் பரவிய எக்ஸ்27 என்ற வகையில் முள் 315 டிகிரி வரை சுற்றும். ஒரு படி என்பது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. 2003 முதல் 2006 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த பிக்கப் லாரிகளில் இந்த மோட்டார்கள் கெட்டுப்போய் முட்கள் அங்கங்கே நின்றுவிட்டன. வீட்டு மேசையில் உட்கார்ந்து பழைய மோட்டாரைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்க அமெரிக்காவில் ஏராளமானோர் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஒரு சின்ன மோட்டாருக்காக முழு மீட்டரையும் மாற்றும் செலவை அவர்கள் ஏற்கவில்லை.

வால்வோ 240 காரின் கதை இன்னும் கூர்மையானது. 1980களின் பின்பாதியில் வந்த அந்தக் கார்களில் டெம்பரேச்சர் மீட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன போர்டை வைத்தார்கள். சூடு சாதாரண அளவுக்குள் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்க வேண்டும், ஓட்டுநர் வீணாகப் பயப்படக் கூடாது என்பது நோக்கம். வயதானபோது அந்த போர்டே கெட்டு, குளிர்ந்த எஞ்சினையும் சூடாகக் காட்டத் தொடங்கியது. அந்தக் காரை நேசிப்பவர்கள் போர்டைத் தவிர்த்துவிட்டு ஒரு துண்டு ஒயரால் சென்சாரை நேராக மீட்டரோடு இணைத்துக்கொள்கிறார்கள். முள் இப்போது கொஞ்சம் ஆடும். ஆனால் உள்ளதைச் சொல்லும். ஓட்டுநருக்கு ஆறுதலைவிட உண்மைதான் தேவை என்று நானும் நினைக்கிறேன்.

மதியம் கடைக்குத் திரும்பினோம். அண்ணன் வேலையைத் தொடங்கினார். பழைய ஈயத்தை உருக்குவதற்கு முன் அதன் மேல் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவிப் புதிய ஈயம் சேர்த்தார். காய்ந்த பழைய ஈயம் தனியாக எளிதில் உருகாது. அயனை அழுத்திப் பிடித்தால் டிராக் பெயர்ந்துவிடும். புதியது கலந்ததும் உருகிப் பளபளத்தது. ஈயத்தை உறிஞ்சும் சால்டர் சக்கரால் ஒரே இழுப்பில் எடுத்தார். பின்னையும் துளையையும் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கினார். பிறகு அயனை 350 டிகிரி அளவில் வைத்து, முதலில் பின்னையும் டிராக்கையும் சேர்த்துச் சூடாக்கி, அப்புறம்தான் ஈயத்தைக் காட்டினார். ஈயம் பின்னைச் சுற்றி ஏறி, ஓரங்களில் வழிந்து, சின்னக் கூம்பாக நின்றது. ஊதவில்லை, அசைக்கவில்லை. ஊதி ஆறவைத்தால் மறுபடியும் அதே நோய் வரும் என்றார். ஒரு பின்னோடு விடாமல் கனெக்டரின் எல்லாப் பின்களையும் இதேபோல் செய்தார். ஒன்றில் விரிசல் விட்டிருந்தால் அதே வயதுள்ள மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள்.

கெப்பாசிட்டர் 47 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 85 டிகிரி தாங்குவது. அதே 47 மைக்ரோஃபாரட், ஆனால் 35 வோல்ட், 105 டிகிரி தாங்குவதை வைத்தார். வோல்ட்டும் சூடும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது; நெகட்டிவ் கோடு இருந்த பக்கமே இருக்க வேண்டும். கசிந்த திரவம் பட்ட இடத்தில் பச்சை வண்ணத்தைச் சுரண்டி டிராக் அரித்திருக்கிறதா என்று பார்த்து, ஈயம் பூசி மூடினார்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலை. எங்கள் காரின் டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றி வாங்கி, ஒயர் இணைத்து, மின்சாரக் கெட்டிலில் தண்ணீரோடு தொங்கவிட்டார். கூடவே ஒரு தெர்மாமீட்டர். 60, 80, 90 டிகிரியில் சென்சாரின் தடையைக் குறித்துக்கொண்டார். பிறகு அதே தடைகளை மேசையில் மீட்டருக்குக் கொடுத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம் என்பதால் இங்கே தண்ணீர் 100 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்தார். 90 டிகிரிக்கு முள் நடுவில் நின்றது. பல்பைப் போட்டார். முள் அசையவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. யாரோ காரை விற்பதற்கு முன் கிலோமீட்டரைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். "அது நம்மகிட்ட ஆகாதுங்க" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வைத்தார். புதிய மீட்டர்களில் கிலோமீட்டர் ஒரு சின்ன நினைவு ஐ.சி.யில் இருக்கிறது, அதை மாற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கைத்திறமைக்கு நேர்மையும் துணை வேண்டும். காலையில் என்னிடம் கையெழுத்து வாங்கிய சீட்டை, வேலை முடிந்ததும் ஓடோமீட்டரோடு ஒப்பிட்டுக் காட்டி என்னிடமே கொடுத்தார். வாங்கிய கூலி, ஊரில் மாற்றிய அந்த ஒரு சென்சாரின் விலையைவிடக் குறைவு.

சரிசெய்த மீட்டரைச் சோதிக்க மலை ஏறுவதைவிட நல்ல வழி இல்லை. நீலகிரிக்கான இ-பாஸ் எடுத்துக்கொண்டு மறுநாள் மேட்டுப்பாளையம் சாலையில் குன்னூருக்குக் கிளம்பினோம். வழியில் பெரியநாயக்கன்பாளையம். 1975ல் கோவையில் தொடங்கிய பிரிக்கால் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கும் ஊர். இந்தியச் சாலைகளில் ஓடும் எத்தனையோ பைக்குகளின் மீட்டர்கள் இவர்கள் தயாரித்தவை. மீட்டர் செய்யும் ஊரிலேயே மீட்டரைப் பழுதுபார்க்கும் கைகளும் இருப்பதில் வியப்பில்லை. ஒரு தொழில் ஓர் ஊரில் ஊன்றினால் அதைச் சுற்றி அறிவும் பரவும்.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் பாக்கு மரங்கள், பிறகு காடு, குரங்குகள். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். 14 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் வண்டி முக்கி ஏறும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. வேகம் குறைவு என்பதால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் குறைவு. மேலே போகப் போகத் தண்ணீரின் கொதிநிலையும் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறைகிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கார்கள் சமாளிக்கின்றன. மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால், ஃபேன் ஓடவில்லை என்றால், அதை முதலில் சொல்ல வேண்டியது இந்த முள். சமவெளியில் பொய் சொல்லும் முள்ளால் காசு போகும். மலையில் எஞ்சினே போகும்.

பர்லியாறில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கினோம். நான் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்துத் தெர்மோஸ்டாட்டின் மூடி இருக்கும் இடத்தில் காட்டினேன். 90 டிகிரிக்கு ஓரிரு டிகிரி முன்பின். முள் நடுவுக்கு மயிரிழை மேலே. சற்று நேரத்தில் ஃபேன் ஓடியது, முள் இறங்கியது, ஃபேன் நின்றது. மச்சான் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தான். "அசையலை மாமா" என்றான்.

ஒரு வளைவில் நீலகிரி மலை ரயிலின் ஊதல் கேட்டது. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ரயில் இது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும். நீராவி எஞ்சின்களில் கொதிகலனின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய்கள் பொதுவாக இரண்டு இருக்கும். ஒன்று அடைத்துக்கொண்டு தவறாகக் காட்டினால் மற்றது காட்டிக்கொடுக்கும். தண்ணீர் குறைந்தால் கொதிகலனே வெடிக்கும் என்பதால் அந்தக் கால எஞ்சினியர்கள் ஒரே சாட்சியை நம்பவில்லை. கார் செய்தவர்கள் நமக்கு ஒரு முள்தான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது சாட்சியை நாமே தேடிக்கொள்ள வேண்டும்: ஃபேனின் சத்தம், கூலன்ட் டப்பாவின் அளவு, பக்கத்து முள்ளின் நடத்தை.

குன்னூர் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கும்வரை முள் தன் இடத்திலேயே நின்றது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். டேஷ்போர்டு முள் விசித்திரமாக நடந்துகொண்டால் பொருளை மாற்றச் சொல்வதற்கு முன், எந்த முள் எதனோடு சேர்ந்து ஆடுகிறது, லைட்டோ வைப்பரோ போட்டால் மாறுகிறதா, குழியில் விழுந்தால் மாறுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பட்டறையில் கொடுங்கள். எர்த் ஒயரையும் கனெக்டரையும் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். போர்டைத் தொட வேண்டும் என்றால், சால்டரிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். கழற்றுவதற்கு முன் கிலோமீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். "இது சரிவராது, வேறு மீட்டர் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடாதீர்கள். பல மாடல்களுக்குப் புதிய மீட்டர் தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகிவிட்டன. உங்கள் கையில் இருப்பதுதான் கடைசி. அது பெரும்பாலும் கொஞ்சம் ஈயமும் ஒரு கெப்பாசிட்டரும் கேட்கிறது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஏதோ ஒரு சந்தில் இருப்பார். தேடிப் போங்கள். அவருக்கு வேலை கொடுத்தால்தான் அந்த வேலை அடுத்த தலைமுறைக்கும் தெரிந்திருக்கும்.